ஆறு மணி இருப்பு

...இந்த மூன்றாவது கம்ப்யூட்டர்க் கோப்பையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது, முடிந்தால் சிவபாண்டி இனிமேல் போன் செய்யவே வேண்டியதில்லை, அதனால்தான் ஹம்சவேணிக்குக் காலையிலிருந்து கை ஓடவில்லை. காளவாசல் கிளையின் விற்பனை ஒரு கோப்பு, தேனி, திண்டுக்கல் ஏஜெண்டுகளின் ஆர்டர் இன்னொன்று, இரண்டையும் புது ரிப்போர்ட் சாஃப்ட்வேரில் நேற்றே கோர்த்துவிட்டாள், பாக்கி கப்பலூர் தொழிற்சாலையின் சரக்கு இருப்பு. அதைத்தான் இத்தனை நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து அவன் போனில் வாசிப்பான், இவள் எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அரை இஞ்ச் எல்போ, முக்கால் இஞ்ச் டீ... பிளாஸ்டிக் குழாய்ச் சாமான்களின் பெயரைக் கேட்டு ஒருத்திக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமா, இவளுக்கு அடித்துக்கொண்டது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முகம் தெரியாது, ஒரு வருஷமாகக் குரல்தான். எல்போவுக்கும் டீக்கும் நடுவில் அங்கே தூறல் விழுந்ததைச் சொல்வான், லாரிக்காரன் ஏமாற்றியதைச் சொல்வான், அவ்வளவு போதும், ராத்திரிச் சோறு இறங்குவதற்கு.

தை மாதம் வண்டியூர்த் தெப்பத்துக்குப் போவதாகச் சொன்னான், வா என்று சொல்லவில்லை, இவளாகத்தான் அக்காவை இழுத்துக்கொண்டு போனாள். சாமி எப்போது வந்தது எப்போது போனது, கேட்டால் தெரியாது, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்... வாயைத் திறந்தால்தானே ஆளைக் கண்டுபிடிக்க, பக்கத்தில் பேசாமல் கடலை தின்றவர்களில் எவன் அவனோ. சரி, பார்த்து என்ன ஆகப்போகிறது? சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் தமிழ் பேசினாலே அப்பா முறைப்பார், அவனோ திருமங்கலம் பக்கத்துக் கிராமம், அவன் அய்யா இன்னும் கூலிக்குத்தான் போகிறார். யாரும் ஏசும்படி ஒன்றும் நடக்கவில்லையே... நடக்கவில்லை என்பதுதான் வருத்தமோ? ஏங்கித்தான் போயிருந்தாள், இனி மறைத்து என்ன. பொருளின் குறியீடு மூன்று கோப்பிலும் ஒத்துப்போனால்தான் வரிகள் இணையும், நாலைந்தை மாற்றி வைத்தால் போதும், ரிப்போர்ட் கோணலாக வரும், பழையபடி போன்... சீ, படியளக்கிற இடத்துக்கா துரோகம்?

முதலாளி நல்லகாமன் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா, இன்னும் எம்புட்டு நேரம்?"

"கப்பலூர்க் கோப்பு வரணும் சார். அங்க மோடம் இல்லையாம், ஆள்தான் கொண்டு வரணும், அதான்..."

"மோடம் இல்லையா? போன வருசம் நாந்தான வாங்கிக் குடுத்தேன். ஏஜெண்டுகளுக்குத் தெனமும் அதுலதான அனுப்புறாய்ங்க!"

அவரே போன் போட்டு ஓர் அதட்டு அதட்டினார், கொஞ்ச நேரத்தில் கோப்பு வந்து விழுந்தது, மூன்றும் ஒரு வரி பிசகாமல் ஒட்டிக்கொண்டன, முதலாளி "பலே" என்று கிளம்பிப் போனார், இவள்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மோடம் இல்லீங்க, நானே வாசிச்சிருறேன்... ஆரம்பத்திலேயே சொன்னானே, அப்போதே இருந்திருக்கிறது, பக்கத்திலேயே இருந்திருக்கிறது. சோம்பலா? சோம்பேறி எவனாவது வருஷம் முழுக்கத் தொண்டை வறள வாசிப்பானா? அப்படியானால் அந்தப் பக்கமும்... ஐயோ, இது தெரியாமல் எத்தனை நாள் "சரி, வச்சிடறேன்" என்று இவளே முந்திக்கொண்டிருக்கிறாள்!

ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"எழுதிக்கிறீங்களா?" குரல் தடுமாறியது. "அரை இஞ்ச் எல்போ..."

எல்லா எண்ணும் எதிரே திரையில் இருக்கிறது, இருப்பது அவனுக்கும் தெரியும், அனுப்பியவனே அவன்தானே. ஹம்சவேணி திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "மெதுவாச் சொல்லுங்க, விட்டுப்போகுது" என்றாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான், ஆனாலும் கடைசி வரி வந்துவிட்டது, இருவரும் போனை வைக்கவில்லை.

"நாளைக்கும் வாசிக்கணுமாங்க?"

வாசிங்க என்றால் முடிந்தது, ஒரு வார்த்தை, அதற்கு வாயைத் திறந்தாள், வந்ததெல்லாம் அவனுக்குத் தெரியாத வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் வந்தது, தெப்பக்குளத்தில் நின்றதும் தேடியதும் இன்று தெரிந்ததும், மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"சரிங்க" என்றான்.

எதற்குச் சரி என்றான்...