கூரை மேல் மூன்று முறை

விளம்பரத்தை அவர் நான்கு முறை எழுதிக் கிழித்தார். ஐந்தாவது முறை எழுதியதைத்தான் தரகரிடம் கொடுத்தார். “ஆழ்கடலில் நெடுந்தூரம் போகக்கூடிய, பழைய பாணிப் பாய்மரப் படகு விற்பனைக்கு. முப்பத்தெட்டு அடி. வயது நாற்பத்தொன்று. தேக்குத் தளம். முன்னும் பின்னும் கூர் முனை. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே குடும்பத்திடம்.” விற்கும் காரணம் என்ற இடத்தில் ‘அண்ணன் இல்லை’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு ‘நேரமின்மை’ என்று போட்டிருந்தார்.

அவர் செயற்கைப் பற்கள் செய்பவர். பெரிய மருத்துவமனைக்கு எதிரே இரண்டாவது மாடியில் பட்டறை. நாள் முழுக்க மாவு அச்சும் மெழுகுமாக, யார் யாருடைய வாயோ மேசை மேல் வரிசையாகத் திறந்து கிடக்கும். படகுத் துறையில் அவருக்குப் ‘பல்செட்’ என்றுதான் பெயர். அண்ணன் இருந்தவரை அந்தப் பெயரைக் கேட்டு இவரும் சிரிப்பார். அண்ணன் போய் மூன்று வருடமாகிவிட்டது.

அந்த மூன்று வருடமும் படகு கரையில், முட்டுக் கொடுத்து நிறுத்திவைத்தபடியே நின்றது. அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் கடலில் காணாமல் போனதால் இறப்புச் சான்றிதழ் கிடைக்கவே அத்தனை காலம் ஆனது. அது வந்த பிறகு பாதிப் படகு அண்ணியின் பெயருக்கு மாறியது. “எனக்கு அது கண்ணுல படவே வேணாம் தம்பி, வித்துடுங்க” என்றாள் அண்ணி. படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். அவர் உள்ளே போய்ச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

முதல் நாள், பித்தளை சன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே கூரையில் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக். மணி நாலாவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. கயிறு ஏதாவது பாய்மரத்தில் அடிக்கிறது என்று மேலே வந்து பார்த்தார். காற்றே இல்லை. துறையில் ஈ, காக்கைகூட இல்லை. மறுநாளும் அதே நேரத்துக்குக் கேட்டது. மூன்றாம் நாள் மூன்றரைக்கே வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

படகைப் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் அரை நாள் இருந்து ஒவ்வோர் ஆணியாகத் தட்டிப் பார்த்தார். விலையும் படிந்துவிட்டது. கிளம்பும் நேரத்தில், “மேல ஒருத்தர் நிக்கிறாரே, உங்க ஆளா?” என்று கேட்டார். இல்லை என்றதும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. அடுத்தடுத்து வந்த மூன்று பேரும் அப்படியே.

“படகு தங்கம் சார்” என்றார் தரகர். “உங்க மூஞ்சிதான் சரியில்ல. வாங்க வர்றவன்கிட்ட எழவு சொல்ல வந்தவர் மாதிரி நிக்கிறீங்க. கொஞ்சம் சிரிங்க. பல்லு உங்க தொழில்தானே?”

ஐந்தாவதாக ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் தரைக்கு ஓடு பதிப்பவர். முட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து எழுந்தார். மனைவி முப்பது வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு, கறாரான பேச்சு. கடலில் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்காமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார். எல்லாம் சரியாக இருந்தால் அங்கேயே முடித்துவிடலாம் என்று அண்ணியையும் வரச் சொன்னார்கள். தரகர் மட்டும் துறையிலேயே நின்றுகொண்டார். “நான் விக்கிறவன்ங்க, ஏறுறவன் இல்ல. எனக்கு வாந்தி வரும்.”

நல்ல காற்று. படகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, கனமான பசு நடப்பதுபோல நிதானமாகப் போனது. ஓடு பதிப்பவர் சுக்கான் பிடித்தார். அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது. மூன்றரை மணிக்குப் பல்செட் திரும்பிவிடலாம் என்றார். “இருங்க, இப்பதானே வேகம் எடுக்குது” என்றார் ரயில்காரம்மா. பிறகு அடித்தளத்தில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கீழே இறங்கினார். விற்பனைக் காகிதங்கள் கீழே மேசையில் இருந்ததால் அண்ணியும் பல்செட்டும் கூடவே இறங்க வேண்டியதாயிற்று.

மேசைக்கு எதிரே, சுவரோரமாக, பயணங்களில் அவர் படுக்கும் அந்தக் குறுகிய படுக்கை. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அண்ணி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். ரயில்காரம்மா பலகையைத் தூக்கி டார்ச் அடித்து, “காஞ்சு கெடக்கு. நல்லா வச்சிருக்கீங்க” என்றார்.

டொக். டொக். டொக்.

அவர் கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிடுறார் போல, போய்ப் பாருங்க” என்றார் ரயில்காரம்மா.

அவர் அசையவில்லை. அந்த அம்மா ஒரு கணம் பார்த்தார். பிறகு, “இதோ வர்றேன், வர்றேன்” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

அடுத்த நொடி மேலே அந்த அம்மாவின் கூச்சல். “திருப்பு! எதிர்ல பாரு, திருப்புய்யா!” படகு சட்டென்று மறுபக்கம் சாய்ந்தது. கோப்பைகள் உருண்டு விழுந்தன. அண்ணி அவர்மேல் வந்து மோதினாள். சன்னலுக்கு வெளியே கறுப்பாக, பாதி மூழ்கிய ஓர் இரும்பு மிதவை, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் கடந்து போனது. அதன்மேல் பிடித்திருந்த பாசிகூடத் தெரிந்தது.

மேலே கணவன் மனைவி பேசிக்கொள்வது கேட்டது.

“அதைப் பாத்துட்டுத்தானே தட்டினே? தட்டினவன் அதுக்குள்ள திருப்பியிருக்க வேணாமா?”

“நான் எங்க தட்டினேன்? ரெண்டு கையும் சுக்கான்லதான் இருந்துச்சு. பாய் மறைச்சிருக்கு, அது இருக்கிறதே எனக்குத் தெரியல.”

அண்ணி எழுந்து நிற்கவில்லை. கீழே சிதறிய காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

“வீட்ல குளியலறைக் கதவை உங்க அண்ணன் இப்படித்தான் தட்டுவார்” என்றாள். “இது எத்தனை நாளா உங்களுக்குக் கேக்குது?”

“தண்ணில எறக்கினதுலேர்ந்து.”

“அன்னைக்கு?”

மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி. விசாரணைக்கு வந்த அதிகாரிகள்கூட, அவர் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னதும், பாவம் என்பதுபோல எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

“அன்னைக்கும் கேட்டுச்சு அண்ணி.”

அண்ணனும் அவரும் மட்டும் போன கடைசிப் பயணத்தின் மூன்றாம் நாள். நாலு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து ஓட்டினார்கள். மாலை நாலு மணிக்கு அவர் முறை. அண்ணன் எப்போதும் பத்து நிமிடம் முன்னதாகவே கூரையைத் தட்டி எழுப்பிவிடுவான். அன்றும் தட்டினான். அவர் விழித்துத்தான் இருந்தார். முந்தின நாள் அலை புரட்டி எடுத்ததில் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தது. இன்னும் பத்து நிமிடம்தானே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலு மணிக்கு மேலே போனபோது சுக்கான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. முன்பக்கம் ஒரு பாய் அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. அண்ணன் இல்லை. இரண்டு நாள் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார்.

“பாயைப் பிடிக்க ஆள் வேணும்னு தட்டினானா, எழுப்பத் தட்டினானா, தெரியாது. நான் எழுந்திருக்கல.”

“பத்து நிமிஷம்” என்றாள் அண்ணி.

“ஆமா.”

அவள் அழுவாள், அடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி மேசைமேல் வைத்தாள். பிறகு மேலே போய், கரை வரும்வரை படகின் முனையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பு நனைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

துறைக்கு வந்ததும் அவர் அந்தத் தம்பதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைத்து விற்க இனி மனம் வரவில்லை. தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஓடு பதிப்பவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

ரயில்காரம்மா யோசித்தார். “ரயில்ல யாராவது சங்கிலியைப் பிடிச்சு இழுத்தா நாங்க மொதல்ல வண்டியை நிறுத்துவோம். ஏன் இழுத்தாங்கன்னு அப்புறம் போய்க் கேப்போம். இதுவும் அப்படித்தான். தட்டினா மேல போய்ப் பாத்துட்டு வர்றோம். எங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “இன்னைக்கு எங்களைக் காப்பாத்தினவரைப் பாத்து நாங்க ஏங்க பயப்படணும்?” என்றார்.

அண்ணி அங்கேயே, தரகரின் காரின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். போகும்போது அவர் பக்கம் திரும்பினாள். “எம் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

ஒரு மாதம் தள்ளிப்போட்டார். அந்த மாதத்தில் செய்த பற்களில் பாதி, அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். அண்ணி கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. படிப்பதை நிறுத்திவிட்டு, “வாங்க சித்தப்பா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காராமல், நின்றபடியே சொல்லி முடித்தார்.

அவள் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

“அப்பா தட்டினது வேகமா இருந்துச்சா, மெதுவாவா?”

அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. மெதுவாகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா பயப்படவில்லை, வழக்கம்போல எழுப்பத்தான் தட்டினார் என்று அவள் நிம்மதியாக இருப்பாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“முதல் ரெண்டும் மெதுவாத்தான் இருந்துச்சு” என்றார். “மூணாவது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. அதுக்குள்ள நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன்.”

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அவள் தலையை ஆட்டினாள். அழுகிறாளா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் இழுத்துப் போட்ட நாற்காலியைக் காலால் அவர் பக்கம் இன்னும் சற்றுத் தள்ளினாள்.

“உக்காருங்க” என்றாள். “முதல்லேர்ந்து சொல்லுங்க. கிளம்பின நாள்லேர்ந்து.”

அவர் உட்கார்ந்தார்.