ஞானாபரணம் நடுக்கொள்ளிடத்தில் விட்ட ஓடம்

கள்ளக் கடத்தல்காரன் தங்கத்தை மறைப்பான். கலப்படக்காரன் மூட்டையை மறைப்பான். ஒரு போதகர் தன் சபையின் வளர்ச்சியை மறைக்கப் படாத பாடு பட்டதைத் திருச்சிராப்பள்ளி அந்த மார்கழியில்தான் பார்த்தது.

அவர் பெயர் ஞானாபரணம். புத்தூர் சபையின் போதகர். நாற்பத்தெட்டு வயது, நல்ல குரல், கொஞ்சம் தொந்தி.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. திருச்சபையின் தலைவர் பாக்கியநாதன் ஒவ்வொரு மார்கழியிலும் ஜீப்பில் கிளம்பிச் சபை சபையாகப் போவார். எந்தச் சபை வளர்ந்தது, எது தேய்ந்தது என்று நேரில் பார்ப்பார். புது வருஷக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் சொல்வார். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போதகர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. எவர் சபை அதிகம் வளர்கிறதோ, அவரைத் தூக்கி ஒன்றுமே வளராத இடத்தில் போட்டுவிடுவார் தலைவர். வளர்க்கத் தெரிந்தவர் அங்கேயும் போய் வளர்க்கட்டுமே என்பது அவர் நியாயம். லால்குடிப் பக்கம் இரண்டே வருஷத்தில் சபையை இரட்டிப்பாக்கிய ஒரு போதகர், மூன்றாம் வருஷம் மணப்பாறைக்கு அப்பால் குடிதண்ணீர் தேடிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக அதே பழைய முகங்களை வைத்து ஓட்டிய இன்னொருவரோ, தன் பங்களாத் தோட்டத்து மாம்பழத்தை இன்றுவரை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷம் காலியாக இருந்த இடம் பச்சைமலை. மேலே ஏழெட்டுக் குடும்பங்கள் புதிதாக ஞானஸ்நானம் வாங்கியிருந்தன. ஏறிப் போன இரண்டு போதகர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஒருவருக்கு மலைக்காய்ச்சல். இன்னொருவருக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது. பச்சைமலை என்று சொன்னாலே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஞானாபரணத்துக்குப் புத்தூர் பிடித்திருந்தது. குழாயில் காவேரித் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி, தெருமுனையில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, மனைவி செல்வமேரிக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஆனால் சபை வளர்ந்து தொலைத்துவிட்டது.

குற்றம் அவருடைய பிரசங்கத்தின் மேல்தான். வாரப் பத்திரிகைக்காரர்கள் வியாழக்கிழமை செய்வதை அவர் ஞாயிற்றுக்கிழமை செய்தார். சொந்தமாக ஒரு கதையைக் கற்பனை செய்து, பிரசங்கத்துக்குள் வைத்து, உச்சக்கட்டத்தில் சட்டென்று நிறுத்தி ஆசீர்வாதம் சொல்லிவிடுவார். அடுத்த ஞாயிறு ஜனங்கள் ஓடி வராமல் என்ன செய்வார்கள்? போன மார்கழியில் தலைவர் வந்தபோது இருபது பேர் இருந்த கோயிலில் இப்போது பெஞ்சுக்குப் பெஞ்சு நெருக்கடி. போதாததற்கு மதில் ஓரத்தில் பூக்காரி வெள்ளையம்மாள், எதிர்ச்சாரியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த கியாசுதீன் பாய் என்று ஒரு வெளிவட்டாரம் வேறு.

வருகைக்கு எந்த ஞாயிறு தோது என்று தலைவர் கேட்டபோது, ஞானாபரணம் யோசிக்காமல் வைகுண்ட ஏகாதசி விழுந்த ஞாயிற்றைச் சொன்னார்.

அந்த ஞாயிறு காலை செல்வமேரி காப்பியோடு வந்தபோது அவர் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, காலங்காத்தால தனியா சிரிக்கிறீங்க?"

"டவுன் பஸ் ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரல. அத்தனையும் ஸ்ரீரங்கம் போயிடுச்சு."

"அதுக்கா சிரிப்பு?"

"பொன்மலைக்காரங்களும் திருவானைக்கா ஆளுங்களும் எப்படி வருவாங்க? கோயில்ல காத்துதான் ஆடும். தலைவர் பாப்பாரு. பாவம் ஞானாபரணம், இன்னும் கொஞ்ச நாள் இங்கயே கிடக்கட்டும்னு போயிடுவாரு."

"ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். அவரு ஜீப்புல வரமாட்டாரு."

செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

இன்னொரு முன்ஜாக்கிரதையும் செய்திருந்தார். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இவரைப் பெற்றார் என்று வேதத்தில் நீளமாக வருகிற வம்ச வரலாற்றை எடுத்து, அதன் மேல் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தார். கேட்பவருக்குக் கொட்டாவி நிச்சயம்.

அவர் கணக்கில் இரண்டு ஓட்டைகள் விழுந்தன.

முதல் ஓட்டை உபதேசியார் பிச்சை. "பஸ் இருக்காது, யாரும் சிரமப்பட்டு வரவேண்டாம், வீட்டிலேயே ஜெபம் பண்ணட்டும்" என்று வீடு வீடாகச் சொல்லச் சொல்லி அவரைத்தான் அனுப்பினார் போதகர். பிச்சை சொன்னார். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தித் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டார்: "ஐயா பெருந்தன்மையில அப்படிச் சொல்றாரு. தலைவர் வர்ற அன்னிக்குக் கோயில் காலியா இருந்தா ஐயாவை மாத்திடுவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்." ஜனங்களுக்கு மாற்றல் என்றால் தண்டனை. ஐயாவுக்குத் தண்டனையா? நடந்தாவது போவோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

இரண்டாவது ஓட்டை போதகரே போட்டது. போன ஞாயிறு பழக்க தோஷத்தில், வெள்ளம் புரளுகிற கொள்ளிடத்தின் நட்டநடுவில் ஓர் ஓடத்தை நிறுத்திவிட்டு ஆசீர்வாதம் சொல்லியிருந்தார். ஓடத்தில் விரிசல். உள்ளே ஒரு கல்யாணப் பெண், ஒரு வட்டிக்கடைக்காரன், கையில் விலங்கோடு ஒரு கைதி. சாவி வைத்திருந்த போலீஸ்காரன் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடக்கிறான். இதை இவர் சுத்தமாக மறந்துபோனார். கேட்டவர்கள் மறப்பார்களா?

அங்கி மாட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே தலைகள். வாசலில் தலைகள். மதில் நெடுகச் சைக்கிள்கள்.

"பொன்மலைக்கு வண்டி அனுப்பிட்டேன் ஐயா" என்றார் கியாசுதீன் பாய், ஏதோ உதவி செய்த திருப்தியோடு. "டபுள்ஸ் வச்சு எல்லாரும் வந்து சேந்துட்டாங்க."

"யார் பாய் அனுப்பச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க பாட்டுக்கு ஓடத்தை நடு ஆத்துல விட்டுட்டுப் போயிட்டீங்க. எங்க வீட்டுல மஜீதா என்னைத் தூங்க விடல. விலங்கு போட்டவன் எப்படிங்க நீஞ்சுவான்னு ஒரே நச்சரிப்பு."

தலையில் பூக்கூடையோடு வெள்ளையம்மாள் மூச்சு வாங்க வந்தாள். "சொர்க்கவாசலை மிதிச்சிட்டு நேரா இங்கதான் வர்றேன் சாமி. ஆரம்பிச்சிடலையே?"

போதகர் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்து நின்றது.

பின்சீட்டிலிருந்து தலைவர் பாக்கியநாதன் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். புருவம் மெல்ல ஏறியது. முன்சீட்டிலிருந்து கம்பளி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் இறங்கினார்.

"இவர் வீரமலை. பச்சைமலைச் சபையோட மூப்பர்" என்றார் தலைவர். "இதுவரைக்கும் நானாப் பாத்து ரெண்டு பேரை அனுப்பினேன், ரெண்டு பேரும் இறங்கிட்டாங்க. இந்தத் தடவை இவரே பாத்துச் சொல்லட்டும்னு கூட்டிட்டு வந்திருக்கேன்."

ஞானாபரணம் கையிலிருந்த பிரசங்கக் காகிதத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இனி பிரசங்கம் ஒன்றுதான் துணை. பீடத்தில் ஏறினார். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று ஆரம்பித்தார். ஜனங்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். இந்தப் பேர்களுக்குப் பின்னால் எங்காவது ஓடம் வரும் என்று நம்பினார்கள். வரவில்லை. பேருக்கு மேல் பேராக வந்தது. பொன்மலை ரயில்வே ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கியாசுதீன் பாய் மதிலை விட்டு எழுந்து போய், ஒருவேளை கதை ஆரம்பித்திருக்குமோ என்று திரும்பி வந்தார். வீரமலை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உற்றுப் பார்த்தால், கண் மூடியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் தலைவர் பக்கத்திலிருந்த போதகர் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தார். செல்வமேரி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள்.

"நல்ல வளர்ச்சி ஞானாபரணம். பஸ் இல்லாத நாள்ல இத்தனை ஜனம். வேற எங்கயும் நான் பாக்கல" என்றார் தலைவர். பிறகு திரும்பினார். "வீரமலை, என்ன சொல்றீங்க? ஐயாவை அனுப்பட்டுமா?"

வீரமலை காப்பியைக் கீழே வைத்தார். "வேணாங்க."

"ஏன்?"

"ஐயாவைக் கொறை சொல்லலைங்க. நல்ல மனுசனாத்தான் தெரியுது. ஆனா எங்க ஆளுங்க பகல் பூரா காட்டுல பாடுபட்டு வர்றவங்க. இதைக் கேட்டா ஒரே நிமிசத்துல தூங்கிடுவாங்க. தூங்குறதுக்கு எங்களுக்கு ஆள் எதுக்குங்க?"

தலைவர் இருமினார். செல்வமேரி அவசரமாகத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் தோள்கள் குலுங்கின.

ஞானாபரணம் தப்பித்துவிட்டார். குழாய், காப்பி, ஆஸ்பத்திரி எல்லாம் பத்திரம். அந்த நிமிஷம் அவர் முழங்கால் போட்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் வராந்தாவுக்கு வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஜெயிச்சுட்டீங்களே, அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?" என்றாள் செல்வமேரி.

"என் பிரசங்கத்துல தூங்கிட்டாராம்."

"தூங்கணும்னுதானே தயார் பண்ணீங்க?"

"அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அந்த ஆளு மலைக்குப் போயி, புத்தூர்ல ஒருத்தரு இருக்காரு, வாயைத் தொறந்தா தூக்கம் வருதுன்னுதானே சொல்லுவாரு?"

"சொல்லட்டுமே. நீங்கதான் மலைக்கே போகப்போறதில்லையே."

 வெளியே, வேப்பமரத்தடியில், கூட்டம் கலையாமல் நின்றது.

"சாமி, அந்தப் பொண்ணு பொழைச்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் பூ விக்கப் போகணும்" என்றாள் வெள்ளையம்மாள்.

போதகர் திரும்பி அறைப் பக்கம் பார்த்தார். கதவு திறந்தே இருந்தது. இரண்டு படி இறங்கினார். ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"ஓடத்துக்குள்ள தண்ணி முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு..."

அவ்வளவுதான். குரல் தானாக மேலே ஏறியது. கொள்ளிடம் மரத்தடிக்கே வந்துவிட்டது. மயங்கிக் கிடந்த போலீஸ்காரன் இடுப்பிலிருந்து சாவி நழுவி, தண்ணீரில் சுழன்று, வட்டிக்கடைக்காரன் காலடியில் வந்து தட்டியது. கைதியைப் பொய்க்கேஸ் போட்டு உள்ளே தள்ளியவனே அந்த வட்டிக்கடைக்காரன்தான். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கரைவரை நீந்தக்கூடிய ஒரே ஆள் அந்தக் கைதி. விலங்கைத் திறந்துவிட்டால் காப்பாற்றுவானா, கழுத்தை நெரிப்பானா?

பூக்கூடை தரையில் இறங்கியது. சைக்கிள் மணி ஒன்றுகூட அடிக்கவில்லை.

செல்வமேரி பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள். "தலைவர் கதவுகிட்ட வந்துட்டாரு. புத்தூர்லயே இருக்கணும்னா இதோட நிறுத்திக்கங்க."

அவர் நிறுத்தினார். நிஜமாகவே நிறுத்தினார். தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிலையில் சாய்ந்திருந்தார். அவருக்கு முன்னால், எப்போது வந்தாரோ, வீரமலை கடைசிப் படியில் குந்தியிருந்தார். கம்பளி தோளிலிருந்து சரிந்து கிடந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன.

"சாவியைக் குடுத்தானாங்க?" என்றார் வீரமலை.

ஞானாபரணம் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போக நாலே எட்டு. போயிருந்தால் பிழைத்திருப்பார்.

"எங்க குடுத்தான்?" என்றார் அவர், குரலைப் பாதாளத்துக்கு இறக்கி. "சாவியைக் காலால அழுத்தி மறைச்சுக்கிட்டான்."

வெள்ளையம்மாள் அந்த வட்டிக்கடைக்காரனுக்கு ஒரு வசவு வைத்தாள். அதன்பிறகு போதகர் எதையும் பார்க்கவில்லை. பெண் வட்டிக்காரன் காலடியில் துழாவியதும், அவன் அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் காலை எடுத்ததும், விலங்கு விழுந்ததும், கரையில் கயிறு இறுகியதும், கடைசியாகக் கரையேறியவன் வட்டிக்காரனே என்பதும், அவனைக் கைகொடுத்துத் தூக்கியது யார் என்பதும், எல்லாம் சொல்லி முடித்து நெற்றியைத் துடைத்தபோதுதான் புத்தூர் ஞாபகம் வந்தது.

வீரமலை எழுந்து கம்பளியை உதறிப் போட்டுக்கொண்டார்.

"என்ன வீரமலை?" என்றார் தலைவர்.

"இவரைத்தாங்க அனுப்பணும். உள்ள பேசினாரே, அவரு வேணாம்."

தலைவர் போதகரைப் பார்த்தார். "கட்டாயம் இல்ல ஞானாபரணம். நீங்க முடியாதுன்னா நான் கேக்கல."

முடியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. "மலையில கதை கேக்கறவங்க உண்டா?"

"விடிய விடியக் கேப்பாங்க. எங்க ஆளுங்களும் நல்லாச் சொல்லுவாங்க, லேசுல மசிய மாட்டாங்க" என்றார் வீரமலை. "ஆனா உங்க கதை ஒண்ணுகூட இன்னும் மலை ஏறலைங்க."

ஒன்றுகூட இல்லை! ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைக் கதைகள் அத்தனையும் ஞானாபரணத்தின் கண்முன் வரிசை கட்டின. எல்லாம் அங்கே புதுசு. அதுவும் லேசில் மசியாத கூட்டம்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். முகத்தில் பயம் கொஞ்சம் இருந்தது. மறைக்க முடியாத ஆசை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"செல்வம், முதல்ல எதை ஆரம்பிக்கலாம்?"

"உங்க அலமாரியை" என்றாள் செல்வமேரி. "இருக்கிற துணியெல்லாம் தூக்கிட்டு நான் மலை ஏற மாட்டேன்."