ஓரத்தை வெட்டச் சொன்னது யார்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை என் மண்டையில் உதித்ததில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. "முகவாயை இறக்குங்க, இன்னும் கொஞ்சம், ஐயோ அவ்வளவு வேணாம்" என்று என்னைப் பாடாய்ப் படுத்திய படக்காரர், பிரதி வெளியே வரும்வரை சும்மா இருக்க முடியாமல் ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். படத்தில் நான் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருந்தேன். கதை நன்றாக இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உட்கார்ந்து எழுதிய முதல் வாக்கியம்: 'திருமணம் என்பது இரு மனங்கள்...'

சே. அழைப்பிதழில் போடுகிற வாக்கியம். அடுத்தது: 'காலை வெளிச்சம் மண்டபத்தின் சன்னல் வழியே மெல்ல...'

வெளிச்சம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆள் வர வேண்டாமா? மூன்றாவது முயற்சியில் அக்காவைக் கொண்டுவந்தேன். அவள் வந்த பிறகு நான் எழுதவில்லை, பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

2

அக்கா என்றால் கல்யாணப் பெண்ணின் அக்கா. ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. அப்போது எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கி அப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். நடுவில் அக்காவும் அவள் கணவரும், இடப்பக்கம் அப்பா அம்மா, வலப்பக்கக் கடைசியில் பெரியப்பா. அதாவது, பெரியப்பாவின் முழங்கை. மீதிப் பெரியப்பாவைக் காணவில்லை. ஓரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து சோபாவில் உட்கார்ந்தார், நிமிர்ந்தார், பார்த்தார். அந்தக் கல்யாணத்துக்கென்றே தைத்த நீலக் கோடு போட்ட சட்டையின் கையை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"இதை யாருடா வெட்டச் சொன்னது?"

அப்பா படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நான்தான் பாத்து சரின்னு சொன்னேன்" என்றார்.

"அப்போ கூடப் பொறந்த அண்ணன் வேணாம், முழங்கை மட்டும் போதும்னு முடிவு பண்ணிட்ட."

எழுந்து போனவர்தான். அதன் பிறகு யார் எதற்கு அழைத்தாலும் ஒரே பதில்: "என்னை எதுக்குக் கூப்பிடறீங்க? முழங்கைக்குச் சொல்லி அனுப்புங்க, வரும்."

உண்மையில் வெட்டச் சொன்னது அக்கா. எடுத்த படங்களில் பாதிக்கு மேல் அவள் கண்ணை மூடியிருந்தாள். மீதியில் தும்மப் போகிறவள் மாதிரி இருந்தாள். இந்த ஒன்றில்தான் முகம் லட்சணமாக வந்திருந்தது. வாங்கி வைத்த சட்டமோ அகலம் போதவில்லை. "ஓரம் போனாலும் பரவால்ல, முகம் பெருசா தெரியணும்" என்று படம் எடுத்த கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஓரத்தில் நிற்பது யார் என்று பார்க்கக்கூட இல்லை.

பெரியப்பா கேட்டபோது அவள் சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்தது. வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. கடைக்காரர் தவறாக வெட்டிவிட்டார் என்று நினைத்தார். பழியை அடுத்தவன் தலையில் கட்டப் பிடிக்காத மனிதர், தானே ஏற்றுக்கொண்டார்.*

* இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடித்துத் திருத்தாமல் எழுதிய ஒரே பத்தி இதுதான்.

3

இப்போது தங்கைக்குக் கல்யாணம். பெரியப்பா மடியில் வளர்ந்தவள் அவள். "அவர் இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். மூன்று மணி நேரம் கழித்து அவர் இறங்கிவந்தார்.

"வரேன். ஆனா உங்கப்பன் நிக்கிற படத்துல நான் நிக்க மாட்டேன். சம்மதம்னா சொல்லு."

தங்கை சம்மதித்தாள். அவள் செய்த இன்னொரு காரியம்தான் அக்காவுக்கு வினையாக வந்தது. யாரையும் கேட்காமல், அக்கா கல்யாணத்துக்கு எடுத்த அதே படக்காரரை அமர்த்திவிட்டாள். "உன் ஆல்பம் எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள்.

அந்தப் படக்காரருக்கு (எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர்தான்) ஒரு பழக்கம். எந்தக் கல்யாணமானாலும் வீட்டாரிடம் இரண்டு கேட்பார்: எல்லா முகமும் தெரிந்த ஓர் ஆள், யார் யாரோடு நிற்க வேண்டும் என்று ஒரு பட்டியல். ஆளாக வாய்த்தது அக்கா. பட்டியலோடு கடைக்குப் போனாள்.

"வாங்கம்மா. ஆறு வருஷம் ஆச்சு, ஆள் அப்படியே இருக்கீங்க. அந்த ஓரத்துல நின்ன பெரியவர் சௌக்கியமா?"

அக்கா கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன்மா சொல்றேன்? ஆனா அந்தப் பெரியவர் போற இடமெல்லாம் என் கடையைத் திட்டறாராமே. நீங்க உங்க கையால எழுதிக் குடுத்த சீட்டு இன்னும் இருக்கு. ஓரம் போனாலும் பரவாயில்லைன்னு."

"கிழிச்சுப் போட்டுடுங்களேன்."

"கிழிக்க மாட்டேன். காட்டவும் மாட்டேன். பட்டியலைக் குடுங்க."

பட்டியலில் பதினான்காவது: அப்பா, அம்மா. பதினைந்தாவது: பெரியப்பா, பெரியம்மா. இரண்டுக்கும் நடுவில் தடித்த கோடு. அவர் படித்துப் பார்த்துத் தன் வேலைமுறையை விளக்கினார்: மணமக்கள் முதலில் நிற்பார்கள், பிறகு ஒவ்வொருவராக ஏறிச் சேர வேண்டும், ஏறியவர்களை இறக்க மாட்டார். வயசானவர்கள் படியேறி இறங்கினால் முட்டி வலி வரும், நேரமும் போகும். "நான் கூட்டல்காரன்மா, கழித்தல் எனக்கு ஒத்துவராது" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. அவள் நினைப்பு முழுக்க அந்தச் சீட்டு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதிலேயே இருந்தது.

4

(இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்த அக்காவை எனக்குப் பிடிக்கிறதா?

முதல் பிரதியில் அவளை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அப்பாவைப் பழி சுமக்கவிட்டு ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளை என்ன செய்வது? 'கல்நெஞ்சுக்காரி' என்றுகூட எழுதினேன். எழுதிவிட்டு என் தம்பியின் மிதிவண்டியை உடைத்தது நான்தான் என்று முப்பது வருஷமாக அவனிடம் சொல்லாதது நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை அடித்தேன்.

இரண்டாவது பிரதியில் நல்லவளாக்கிப் பார்த்தேன். தினமும் அழுதாள். சகிக்கவில்லை. உண்மையில் அவள் தினமும் அழவில்லை, நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்தாள், சண்டை போட்டாள். அப்பா வீட்டுக் கூடத்தில் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இதுதான் சரி, இப்படியே இருக்கட்டும்.)

5

கல்யாணத்தன்று அக்காவுக்கு நிற்க நேரமில்லை. காதுக்கு மேல் பேனா, கையில் அட்டையில் சொருகிய பட்டியல். "மாப்பிள்ளையோட சித்தப்பா எங்க? அத்தை, சாப்பாடு எங்கயும் ஓடிடாது, ஒரு படம் எடுத்துட்டுப் போங்க. மாமா, சட்டைப் பித்தான்!" என்று மண்டபத்தையே ஆட்டிவைத்தாள். மாப்பிள்ளை பக்கத்தார் பதின்மூன்று எண்களில் முடிந்தார்கள். அவர்களாகவே சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிவிட்டதால், ஏறியவர் இறங்கக்கூடாது என்ற விதி இருப்பதே அக்காவுக்குத் தெரியவில்லை.

பதினான்கு. அப்பாவும் அம்மாவும் ஏறினார்கள். படம் எடுத்தாயிற்று. பெரியப்பாவை அழைத்துவர அக்கா பந்திப் பக்கம் ஓடினாள். அந்த நேரம் பார்த்து அப்பா இறங்கக் காலெடுத்து வைத்தார்.

"ஐயா, இறங்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்" என்றார் படக்காரர்.

அப்பா சொன்னபடி தள்ளி நின்றார். மறுபக்கப் படியில் பெரியப்பா ஏறினார். முட்டி வலிக்காரர், குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து வந்தார். பெரியம்மா பின்னால். மேலே வந்து நிமிர்ந்தால், ஒரு கை தூரத்தில் தம்பி.

அக்கா கீழே இருந்து பார்த்தாள்.

"நான் கீழ இறங்கறேன்" என்று பெரியப்பா சத்தமாகவே சொன்னார். "இவன் நிக்கிற படத்துல எனக்கென்ன வேலை? மறுபடியும் வெட்டவா?"

"பெரியப்பா!" என்று தங்கை அவர் சட்டையைப் பிடித்தாள். மாப்பிள்ளை பாவம், சிரித்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

அக்கா அட்டையை எறிந்துவிட்டு மேடைக்கு ஓடினாள். ஏறி, மூச்சு வாங்கி, வாயைத் திறந்து...

6

இந்த இடத்தில் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். கிடப்பில் போட்ட முடிவுகள் இவை.

முதலாவது: அவள் சொல்கிறாள், அண்ணன் தம்பி கட்டிக்கொள்கிறார்கள், மண்டபமே கைதட்டுகிறது. எழுதி முடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது: சொல்ல வாயெடுக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. இது கோழை எழுத்தாளன் செய்கிற வேலை. (போன கதையில் செய்தேன்.)

மூன்றாவது: படக்காரர் சீட்டை எடுத்துக் காட்டுகிறார். அவர் காட்ட மாட்டேன் என்று சொன்னவர். என் வசதிக்காக அவர் வாக்கை நான் கெடுக்கக்கூடாது.

வேறு வழியில்லாமல் மறுபடி கடைக்குப் போனேன்.

"அந்தப் பொண்ணு என்னதான் சொல்லிச்சு?"

"எனக்கெங்க கேட்டுது? அப்பத்தான் பாட்டுப் போடறவன் சத்தத்தைக் கூட்டினான். பெரியவர் கத்தினது கேட்டுது, அதுக்கப்புறம் பாட்டுதான்."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கண்ணு முன்னால ஏதாவது கோணலாப் போச்சுன்னா என் விரல் தானா அழுத்திடும், சார். கைப்பழக்கம். பதினோரு படம் விழுந்துச்சு." கணினியைத் திருப்பினார். "பாத்துக்கங்க. ஆனா சத்தம் கேக்காது."

7

ஒன்று: பெரியப்பா படியை நோக்கித் திரும்பியிருக்கிறார். தங்கையின் விரல்கள் அவர் சட்டையில்.

இரண்டு: அக்கா கடைசிப் படியில்.

மூன்று: அக்கா மேடையில். உதடு மூடியிருக்கிறது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. அவளை எல்லாரும் பார்க்கிறார்கள், ஏன் ஓடிவந்தாள் என்று விழிக்கிறார்கள். அப்பா மட்டும் விழிக்கவில்லை. அவருடைய வலது கை அவளை நோக்கி உயர்ந்திருக்கிறது, உள்ளங்கை தெரிய. வேண்டாம் என்கிறார்.

நான் படக்காரரைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். 'அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது' என்று தொடங்கும் இரண்டாவது பகுதியின் கடைசிப் பத்தி தப்பு. அடிக்கவில்லை, கிடக்கட்டும். எனக்குச் சந்தேகமே இல்லாத இடத்தில்தான் கோட்டைவிட்டேன் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கு: அக்காவின் வாய் திறந்திருக்கிறது. அம்மா வாயைப் பொத்தியிருக்கிறாள். மாப்பிள்ளை இப்போதுதான் சிரிப்பதை விட்டிருக்கிறார். அப்பா தலை குனிந்திருக்கிறார்.

ஐந்து: பெரியப்பா அக்காவைப் பார்க்கிறார்.

ஆறு, ஏழு, எட்டு: பெரியப்பா தம்பியைப் பார்க்கிறார். மூன்று படமும் ஒன்றே போலிருக்கின்றன. எத்தனை முறை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் அவர் அசையவில்லை.

ஒன்பது: பெரியப்பாவின் விரல் அப்பாவின் மார்புக்கு நேரே நீண்டிருக்கிறது. முழுவாயும் திறந்திருக்கிறது.

பத்து: யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள். அத்தையின் பின்தலை.

பதினொன்று: பெரியப்பாவின் ஒரு கையில் அக்காவின் காது. இன்னொரு கை அப்பாவின் தோளில். பிடித்து உலுக்குகிறாரா, பிடித்துக்கொண்டிருக்கிறாரா தெரியவில்லை. தங்கை சிரிக்கிறாள், கண் மை கன்னத்தில் இறங்கியிருக்கிறது.

ஒன்பதாவது படத்தில் அவர் என்ன சொன்னார்? அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், அவர் குரலில் சொல்லிப் பாருங்கள். திட்டில்லாமல் ஆரம்பித்தால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் படக்காரர் சொன்னார். ஆல்பத்துக்குப் படம் பொறுக்க அக்காதான் வந்தாளாம். அதுவரை ஒரே குஷி, காது இன்னும் வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாளாம். மூன்றாவது படம் வந்ததும், "இருங்கண்ணே, இதை மறுபடி காட்டுங்க" என்றாளாம். அப்பாவின் கையையும் மூடியிருந்த தன் வாயையும் மாறி மாறிப் பார்த்தாளாம்.

"அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றாளாம்.

ஆல்பத்துக்கு ஒரு படமும் பொறுக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்பா வீட்டுக்குத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே படக்காரர் இல்லை, நானும் இல்லை. நீங்கள்தான் அவள் கூடப் போக வேண்டும்.