இடது கன்னம்

"போதும் அக்கா, ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு," என்றான் தம்பி, கட்டிலின் வலப்பக்கத்து நாற்காலியில் இருந்தபடி.

"பாதி தாடியோட அனுப்பச் சொல்றியா?"

அப்பாவின் இடது கன்னத்தில் அவள் சோப்பு நுரையைத் தடவினாள். வலது கன்னத்தில் ஒரு வாரத்து முள்தான். அதை அவரே மழித்துக்கொள்வார். இடப்பக்கம் நரைத்துப் புதர்போலக் கிடந்தது. தொடப்போனால், "அதான் முடிச்சாச்சே!" என்று கையைத் தட்டிவிடுவார்.

பஸ் ஓட்டியவர். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை என்று பெருமை அடித்துக்கொள்வார். நோய் வந்தபின் தட்டில் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். மறு பாதி அப்படியே இருக்கும். "என் சமையல் எறங்கலைன்னா நேரா சொல்லுங்களேன்," என்று அவள் எரிந்து விழுந்திருக்கிறாள்.

மருந்து அலமாரி இடப்பக்கம். அதனால் அவளும் இடப்பக்கம். அங்கிருந்து கூப்பிட்டால் வலப்பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து, "சின்னவனே, வந்துட்டியா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவன் நிஜமாகவே வந்து உட்கார்ந்தால் அந்த முகம் மலர்ந்துபோகும். அவள் அதைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு மூத்திரப் பாத்திரத்தைக் கழுவப் போவாள்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ்தான் கேட்டாள். "ஏம்மா இந்தப் பக்கமே நிக்கறீங்க? மூளையில வலப்பக்கம் கட்டி. இடதுன்னு ஒரு பக்கம் இருக்கறதே அவருக்குத் தெரியாது. கண்ணுல கோளாறு இல்ல, அந்தப் பக்கம் பாக்கணும்னே தோணாது. தட்டைத் திருப்பி வச்சிருந்தா மிச்சத்தையும் சாப்பிட்டிருப்பாரே."

"யாரும் சொல்லலையே!"

"உங்க தம்பிகிட்ட டாக்டர் வெவரமா சொன்னாரே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

நர்ஸ் போனதும் அவள் கட்டிலைச் சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவின் கண் அவள்மேல் வந்து நின்றது. அடையாளம் தெரிந்தது.

"வந்துட்டியா? இத்தனை நாளா எங்கடி போயிருந்த?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பிக்கும் கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை. விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

"டாக்டர் உன்கிட்ட சொன்னாராமே," என்றாள் இப்போது, கத்தியைத் தண்ணீரில் அலசியபடி.

"எத?"

"வலப்பக்கம் உக்காரச் சொல்லி."

"அதுவா..." அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். "உன்கிட்ட சொன்னதா நெனச்சேன்கா. கூடவே இருக்கறவ, உனக்கே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். இப்ப அதா முக்கியம்?"

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே நுழைந்தாள். "எங்கண்ணன் கடைசியா என்னடா சொன்னாரு?"

"அக்காவத்தான் கேட்டாரு அத்தை. இத்தனை நாளா எங்க போயிருந்தன்னு."

அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தாள். "துணிக்கடை வேலையக்கூட விட்டுட்டு இவதான் பாத்துக்கறான்னு சொன்னாங்களே?"

தம்பி நாற்காலியை விட்டு எழுந்து அத்தையை அதில் உட்காரவைத்தான்.

கடைசி நுரையை வழித்துவிட்டு, அவள் ஈரத்துணியால் இடது கன்னத்தைத் துடைத்தாள். தாடையைப் பிடித்து முகத்தை நேராக்கினாள். கையை எடுத்ததும் தலை மெல்ல நாற்காலிப் பக்கம் சாய்ந்தது.

மறுபடி நேராக்கினாள். மறுபடியும் சாய்ந்தது.

கத்தியைத் துடைத்து மடக்கினாள்.