இரவல் முடி

மாஸ்டருக்கு இரண்டு பேரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஒருவர், கிளட்சை மிதிக்காமல் கியரைப் போடுகிறவர். இன்னொருவர், அவர் தலையை உற்றுப் பார்க்கிறவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முதல் ரகத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. இரண்டாவது ரகமும் மூன்று வருடங்களாகப் பெருகிவிட்டது, ஏனென்றால் அவர் உச்சந்தலையில் புழுவெட்டு விழுந்திருந்தது. முதலில் ஒரு பொட்டு அளவு, பிறகு உள்ளங்கை அளவு. சுற்றிலும் முடி அடர்ந்திருக்க, நடுவில் மட்டும் மழமழவென்று வழித்துவிட்ட மாதிரி இருந்தது. கற்றுக்கொள்ள வந்த பெண்கள் அவருக்குப் 'பௌர்ணமி மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். அது காதுக்கு எட்டிய அன்று மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, அவர்கள் பரம்பரையையே பின் சீட்டில் உட்கார வைத்துத் திட்டித் தீர்த்தார்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அப்படி மாஸ்டரே சொல்வார். குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. வீட்டில் தட்டு பறந்திருக்கிறது, தம்ளர் பறந்திருக்கிறது, ஆள்மேல் படும்படி எதுவும் பறந்ததில்லை. "கத்துவேன், அடுத்த நிமிஷமே மறந்துடுவேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வார். கத்துகிறவருக்கு மறப்பது சுலபம்தான்.

களிம்பு, ஊசி, மாத்திரை என்று எல்லாவற்றையும் பார்த்துச் சலித்த பிறகுதான் ஊரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் புதிதாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். டாக்டரம்மா பொறுமைசாலி. ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்து விளக்கினார்.

"வேற ஒருத்தரோட மயிர்க்கால்ல இருந்து துளி எடுத்து, இங்கயே வளர்த்து, உங்க தலையில ஊசியால வைப்போம்."

மாஸ்டர் திடுக்கிட்டார். அந்த வார்த்தையின் முன்பாதியை அவர் வண்டிக்குள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவர். ஆனால் படித்த ஒரு பெண்மணி, வெள்ளைக் கோட்டோடு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒவ்வொருத்தரும் கொடுக்கிறதுக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும். எல்லாத்தையும் கலந்துடுவோம். யாரோடது யாருக்குப் போகுதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆராய்ச்சி முடிஞ்சப்புறம்தான் பிரிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "இன்னொண்ணு. வெச்ச முடி, கொடுத்தவங்களோட குணத்தைத்தான் காட்டும். அவங்களுக்குச் சுருட்டைன்னா இங்கயும் சுருட்டை. அவங்களுக்கு நரைக்கிறப்போ இதுவும் நரைக்கும்."

"நரைச்சா மை அடிச்சுக்கறேன், டாக்டர்" என்றார் மாஸ்டர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். "ஏய், நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா. பின்னந்தலையில துளியூண்டு தோல் எடுப்பாங்களாம். உயிரா போயிடும்?"

"சரிங்க" என்றாள் அவள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் காலை நேரம் மட்டும் வேலை பார்த்தாள். அங்கே வருகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் சிரித்துப் பேசுவாளாம். இதை மாஸ்டருக்கு யாரோ ஒரு பல்வலிக்காரர் சொல்லித்தான் தெரியும். வீட்டில் அவள் 'சரிங்க'வுக்கு மேல் அதிகம் செலவழிப்பதில்லை. ஒரே மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தாள். விடுமுறைக்குக்கூட ஏதாவது ஒரு காரணம் சொல்லி அங்கேயே இருந்துவிடுவாள்.

ஊசி போட்ட சில மாதங்களில் முடி வந்தது. முதலில் பூனை ரோமம் மாதிரி, பிறகு கறுத்து, மெத்தென்று, நெருக்கமாக. ஒட்ட வெட்டியே வைத்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சி விதி. மாஸ்டர் வண்டியின் உள்கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் தன் தலையையே பார்த்ததில், எதிரே வந்த லாரியைப் பார்க்கத் தவறி, கற்றுக்கொள்ள வந்த பெண்ணே பிரேக் போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு மட்டும் அவர் அவளைத் திட்டவில்லை.

அந்த மகிழ்ச்சி கொஞ்ச நாள்தான் நீடித்தது.

ஒரு மாலை, மாடிப்படி ஏறி வந்து, வீட்டுக் கதவில் சாவியை நுழைத்தார். உச்சந்தலையில் சுரீர் என்றது. கை வைத்துப் பார்த்தார். மற்ற முடியெல்லாம் படிந்து கிடக்க, நடுவில் அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் துணி துவைக்கும் பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. குளிர் இல்லை. காற்று இல்லை. உள்ளே போனார். மனைவி சமையலறையில் இருந்தாள். முடி படியவே இல்லை. எண்ணெய் தடவினார். சீப்பால் அழுத்தி வாரினார். சீப்பை எடுத்ததும் மறுபடியும் நின்றது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கீழே தெருவில் இருக்கும்போது ஒன்றுமில்லை. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் லேசாக ஊரத் தொடங்கும். சாவி திரும்பும்போது குப்பென்று எழும். மாஸ்டர் பேய் பிசாசை நம்பாதவர். நம்புகிறவர்களை வாய்விட்டுக் கேலி செய்கிறவர். ஆனால் தன் தலையே தன்னை எச்சரிக்கும்போது எத்தனை நாள்தான் வீராப்பாக இருக்க முடியும்? வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கட்டில் அடியில் பார்த்தார். அலமாரிகளைத் திறந்து பார்த்தார். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு காலி வீட்டுக்குள் போனார். ஒன்றுமே ஆகவில்லை. எல்லா அறைக்கும் போனார். முடி பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. மாலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றினாள், முடி எழுந்தது.

மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அது வீட்டில் இல்லை. அவளோடு வருகிறது, அவளோடு போகிறது. ஏதோ ஒன்று அவளைப் பிடித்து வைத்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதருக்கு அவள்மேல் உயிர். அதை இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான். அவளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று முடிவு கட்டினார். அவள் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே போனார். பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஏன் ஒரு மாதிரி இருக்க? உண்மையைச் சொல்லு. உன்னை ஏதாவது பயமுறுத்துதா?"

"இல்லீங்களே."

"சொல்லுன்னா சொல்லணும்! உனக்காகத்தான கேக்கறேன்!" என்று அவர் கதவை அறைந்தபோது, முடி வேரோடு இழுத்து மண்டைத்தோலே வலித்தது.

அந்த மாதப் பரிசோதனைக்குப் போனபோது முடியை அளந்து குறித்துக்கொள்ளும் நர்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சிஸ்டர், இது தானா எழுந்து நிக்குது."

"எப்ப சார்?"

"வீட்டு வாசல்ல, சாவி போடும்போது. அப்புறம் அப்படியேதான் நிக்கும். ராத்திரி அவ தூங்கினப்புறம்தான் படுக்கும். நான் புரண்டு படுத்தா திரும்ப எழுந்துக்கும்."

"வெளியில எங்கயும் நின்னதில்லையா?"

"ஒரு தடவை வண்டியில. போன்ல பேசிட்டிருந்தேன்."

"யார்கூட?"

"வீட்டுக்குத்தான். கரண்ட் பில் கட்டலைன்னு கொஞ்சம் சத்தம் போட்டேன்."

நர்ஸின் பேனா நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்ல ஏதோ இருக்கு, சிஸ்டர்" என்று மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "சிரிக்காதீங்க. இந்த முடியைக் கொடுத்த புண்ணியவானுக்கு அது தெரியுது போல. யாருன்னு தெரிஞ்சா போய்க் கேட்டுடுவேன்."

"ஆராய்ச்சி முடியட்டும், சார். எல்லாம் பிரிச்சுச் சொல்லுவோம்" என்றாள் நர்ஸ். அவள் சிரிக்கவில்லை.

ஆராய்ச்சி முடிந்து, பிரிக்கும் நாளும் வந்தது. டாக்டரம்மா அவர் தலையைப் பல கோணத்தில் படம் பிடித்துவிட்டு, இவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டது வேறு யாருக்கும் இல்லை என்று பூரித்துப்போனார். மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அந்த ஆள் யாரு, டாக்டர்?"

டாக்டரம்மா கணினியைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப தூரம் தேட வேண்டாம். கலந்து போட்டதுல உங்களுக்கே திரும்பி வந்திருக்கு. உங்க மிஸஸோடதுதான்."

மாஸ்டரும் சிரித்துவிட்டார். அவளோடதா! அவருக்கு நிஜமாகவே சந்தோஷம் தாங்கவில்லை. முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நர்ஸ் மட்டும் சன்னல் பக்கம் திரும்பி ஏதோ குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் விடைபெற்றபோதும் அவள் திரும்பவில்லை.

வண்டியில் உட்கார்ந்து மனைவியின் எண்ணைப் போட்டார். மணி அடித்தது. அவள் இன்னும் எடுக்கவில்லை. அதற்குள்ளேயே அவர் உச்சந்தலையில் முடி எழுந்தது.

மாஸ்டர் போனைத் துண்டித்தார். கொஞ்ச நேரத்தில் முடி ஒவ்வொன்றாகப் படிந்தது. மறுபடியும் எண்ணைப் போட்டார். எழுந்தது. துண்டித்தார். படிந்தது. நல்ல வெயில் நேரம், வண்டிக்குள் அனலாகக் கொதித்தது. செருப்புச் சத்தம். சாவி. போன் திரையில் அவர் பெயர். இருட்டில் அவர் புரண்டு படுப்பது. இத்தனை மாதமாக அந்த வீட்டில் எதைத் தேடினாரோ, அவள் பின்னாலேயே அறை அறையாகத் திரிந்து அவளைப் பயமுறுத்திய அது அவரேதான்.

'நான் என்ன செஞ்சேன் அவளை?' என்று முதலில் கோபம் வந்தது. கோபம் அவருக்கு எப்போதும் முதலில் வரும். பிறகு, செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருந்த எதையும் அவர் மறந்திருக்கவில்லை. 

வீட்டுக்குப் போனபோது கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். திருடன் மாதிரி படியேறினார். சாவியைப் போடாமல் மணியை ஒரே ஒரு தடவை, பட்டும் படாமலும் அழுத்தினார். கதவைத் திறந்த அவள், அவர் கையில் இருந்த செருப்பைப் பார்த்தாள். தலையில் முடி எழுந்தது. அவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

"உட்காரும்மா" என்றார்.

'அம்மா' என்று அவர் அவளை அழைத்ததே இல்லை. அவள் உட்காரவில்லை.

"சாப்பிட்டியா? நான் வேணா ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா? கால் வலிக்குதா உனக்கு? கொஞ்சம் உட்காரேன்." தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக, தன்னால் முடிந்த மட்டும் அன்பாகச் சொன்னார். மனதார, முழுக்க முழுக்க உண்மையாகச் சொன்னார்.

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வழக்கம்போல அமைதியாக, முந்தானை நுனியைப் பிடித்தபடி நின்றாள். ஆனால் அவர் தலையில் அந்த இடம் முழுவதும் இதுவரை எழாத விதத்தில் எழுந்தது. வேர்கள் ஒவ்வொன்றும் ஊசி ஊசியாக உள்ளே குத்தின. அவர் தட்டை எறிந்த நாட்களில்கூட இப்படி நின்றதில்லை.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்றாள் அவள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் அது அவர் குரலில்தான் வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. "ஒண்ணுமில்ல. கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

ஒரு மாடி இறங்கினார். முடி தளர்ந்தது. இன்னொரு மாடி இறங்கினார். பாதி படிந்தது. தெருவுக்கு வந்து, எதிர்ச்சாரியில் நின்று, தங்கள் வீட்டுச் சன்னலை அண்ணாந்து பார்த்தார். மேலே அவள் விளக்கைப் போட்டாள். உச்சந்தலையில் முடி முழுவதும் படிந்து, மெத்தென்று, வெதுவெதுப்பாகக் கிடந்தது. கண்ணை மூடித் தூங்கிவிடலாம் போல அவ்வளவு சுகமாக இருந்தது. அவள் நிம்மதியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். தலைமேல் கையை வைத்துக்கொண்டு, மேலே போக மனமில்லாமல், அவர் அங்கேயே நின்றார்.