எல்லாருக்கும் இரண்டு நிமிடம்

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு நூலக மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவது தையல்காரிதான். வார்டு மக்கள் கலந்து பேசும் குழுவை ஆரம்பித்ததும் அவளே. அதற்கு முன்னால் கூட்டம் நடந்த லட்சணம் தெரியாதா? தொண்டை பெருத்த நாலு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் கொட்டாவி விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் வந்து சட்டம் போட்டாள். ஆளுக்கு இரண்டு நிமிடம். குறுக்கே பேசக் கூடாது, அடுத்தவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. நடத்துகிறவள் தன் கருத்தைச் சொல்லவே கூடாது. நேரம் முடிந்தால் மணி. கடைசியில் கை தூக்கி ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த மாதம் கவுன்சிலர் அதைச் செய்து தர வேண்டும். செய்யவும் செய்தார், பாவம், வேறு வழி?

மேசை மணி அவள் அக்கா புருஷன் கொடுத்தது. மாமா வாட்ச்மேனாக இருந்த ஆபீஸை மூடியபோது கேட்டு வாங்கி வந்தார்.

"நான் பேசினாலும் அடிப்பியாம்மா?"

"உங்களுக்குத்தான் மாமா முதல்ல அடிப்பேன்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதே அவருக்குப் பார்வை முக்கால்வாசி போயிருந்தது.

இரண்டு வருஷத்தில் வாயே திறக்காதவர்கள் எல்லாம் எழுந்து பேசினார்கள். அந்த மணியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

ஒரு மாதக் கூட்டத்தில் அக்கா எழுந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து மனசில் முழுசாக இருக்கும் வார்த்தை அவள் வாயில் வந்து சிக்கிக்கொள்ளும்.

"எங்க... எங்க சந்து... மு... முனையில..."

தையல்காரிக்குத் தெரியும். சந்து முனையில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. மாமா தினமும் காலையில் அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போகிறார், காலால் தடவித் தடவி. முந்தின வாரம் அக்கா இதைச் சொல்லித்தான் புலம்பினாள். "நீ... நீயே சொ... சொல்லிடேன்டி" என்றாள். "நடத்துறவ சொல்லக் கூடாதுக்கா, நீ வந்து பேசு" என்று வரச் சொன்னதே இவள்தான்.

"மூ... மூ... எங்க வீட்டு..."

ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்காவுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா என்று நாளைக்கு யாராவது கேட்டுவிட்டால்? விழுங்கிக்கொண்டாள். நேரம் முடிந்தது. மணி அடித்தாள்.

அக்கா திறந்த வாயோடு தங்கையைப் பார்த்தாள். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை தூக்கியதில் தெருவிளக்கு ஜெயித்தது. அடுத்த மாதம் அக்காவை எழுதி எடுத்து வரச் சொல்லலாம் என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது மளிகைக்கடைக்காரர், "கூடப்பிறந்த அக்கான்னுகூடப் பாக்கலை பாருங்க, அதுதான் நேர்மை" என்றார். இவளுக்கு உச்சி குளிர்ந்து போனது. அதை மறைத்தால் இந்தக் கதையே பொய்.

ஒன்பதாம் நாள் காலை மாமா அந்தச் சாக்கடையில் விழுந்தார். கையில் இருந்த பால் பாக்கெட் உடையவில்லை, மண்டைதான் உடைந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், போய்விட்டார். புது மூடி மறுநாளே வந்துவிட்டது. அதற்கு யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. அடப்பாவிகளா!

அடுத்த கூட்டத்துக்கு அக்கா வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். முறை வந்ததும் எழுந்தாள். தையல்காரி மணியை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுக்கா."

அக்கா பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மளிகைக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சரியாக இரண்டு நிமிடம் ஆனதும் அக்கா மேசையருகே வந்து கையை நீட்டினாள். தங்கை குனிந்து மணியை எடுத்து வைத்தாள்.

"அடி" என்றாள் அக்கா. திக்காமல் வந்தது. "எல்லாருக்கும் ஒண்ணுதானே."

தங்கைக்குக் கை எழவில்லை. அக்கா அந்தக் கையைப் பிடித்து, மணியின்மேல் வைத்து, தானே அழுத்தினாள். பிறகு மெல்லப் படியிறங்கிப் போனாள்.

அடுத்த ஆளைப் பேசச் சொல்ல வேண்டியவள் தையல்காரி. அவள் மேசையில் கவிழ்ந்து "மாமா, மாமா" என்று அழுதுகொண்டிருந்தாள். குறுக்கே யாரும் பேசவில்லை.