ஆலோசகரை மாற்றிக் கேட்டவன்

படிவத்தில் மூன்றாவது கேள்வி: ஆலோசகர் ஆணா, பெண்ணா, யாராக இருந்தாலும் சரியா? மனுஷன் செத்து ஒரு மாதம் ஆகிறது, இவர்களுக்கு இந்தக் கவலை. மனநல ஆலோசகரிடம் நான்கு தடவை போய், வேலைக்குத் தகுதி என்று கையெழுத்து வாங்கி வந்தால்தான் என்னை மறுபடி லிஃப்ட் வேலைக்கு விடுவார்களாம். இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

என் மனைவி படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஆம்பளைன்னே போடுங்க. பொம்பளைன்னா நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்திருப்பீங்க, வாயில ஒண்ணும் வராது.”

“ஆம்பளை முன்னாடி அழ முடியுமாடி?”

“என் முன்னாடி மட்டும் அழுதீங்களாக்கும்?”

அது உண்மைதான். ஆண் என்று டிக் அடித்தேன்.

செத்தவன் என் ஜோடி. பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்ததே நான்தான், ஏனென்றால் எல்லாவற்றிலும் ஆமை வேகம். ஷூ லேஸைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுவான். ஒரு நட்டை முறுக்கினால் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பான். எவ்வளவு கேலி செய்தாலும் சிரிப்பான். கோபப்படத் தெரியாத ஜென்மம்.

ஆண் ஆலோசகர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். தொழிற்சாலை விபத்துகளில் தப்பியவர்களிடம் பேசிப் பேசியே தலை வழுக்கையானவர். தூக்கம், சாப்பாடு என்று கால் மணி நேரம் விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, “உங்க வேலையில ஆளுக்கொரு பூட்டு மாட்டுவீங்களே, அன்னிக்கு அவர் மாட்டலையா?” என்றார்.

“மாட்டலைன்னு விசாரணையில சொல்லிட்டாங்க சார்.”

“சரி, நீங்க என்ன சொல்றீங்க?”

தலை வலிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போய், ஆண்களிடம் மனம் விட்டுப் பேச முடியவில்லை, பெண் ஆலோசகர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி அம்மா உருகிப்போனார். “இப்படி வெளிப்படையா சொல்ற ஆம்பளைங்க எத்தனை பேர் சார் இருக்காங்க?” என்றார். வெட்கமாக இருந்தது. நான் போட்ட திட்டம் வேறு. பொம்பளைக்குப் பூட்டைப் பற்றி என்ன தெரியும், நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். இதுதான் என் புத்தி போன போக்கு.

பூட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மெயின் சுவிட்ச் இருப்பது கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில். லிஃப்ட் குழி இருப்பது அடித்தளத்தில். வேலை தொடங்கும் முன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு சிவப்புப் பூட்டை அந்த சுவிட்சில் மாட்ட வேண்டும். அவனவன் பூட்டை அவனவன்தான் திறக்க வேண்டும். அதுதான் சட்டம். ஆனால் எக்ஸ்பிரஸ் குழியிலிருந்து பன்னிரண்டு மாடி படியேறி வந்து திறப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் ஸ்பேர் சாவிகளை எங்களுக்குள் மாற்றி வைத்துக்கொண்டோம். கீழே இருப்பவன் வெளியே வந்து போனில் சொன்னால், மேலே இருப்பவன் இரண்டு பூட்டையும் திறப்பான். பதினோரு வருஷம் இப்படித்தான் ஓடியது. அதற்கு நம்பிக்கை என்று பெயர் வேறு வைத்திருந்தோம்.

அன்று குழிக்குள் இருக்கும் நிறுத்தும் பொத்தான் பழுது. அதைச் சரிசெய்யத்தான் அவன் இறங்கியிருந்தான். கட்டட மேனேஜர் மோட்டார் அறைக்கே வந்து, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று காட்டுக் கத்தல் கத்திவிட்டுப் போனார். போன் செய்தேன், எக்ஸ்பிரஸ் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, இந்நேரம் ஏறியிருப்பான், போனை எங்காவது வைத்திருப்பான் என்று நினைத்தேன். அவன் எவ்வளவு மெதுவானவன் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் திறந்தேன். லிஃப்ட் இறங்கியது.

சத்தம் கேட்டதும் நான் ஓடவில்லை. முதலில் அவன் பூட்டை எடுத்து அங்கே கிடந்த அவன் பையில் போட்டேன். அதற்கப்புறம்தான் ஓடினேன். சுவிட்சில் என் பூட்டு மட்டுமே இருந்தது என்று விசாரணையில் சொன்னேன், நம்பினார்கள்.

அவன் மனைவியும் நம்பினாள். அன்றிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். போட்டோவைக்கூட அலமாரியில் துணிக்கு அடியில் போட்டுவிட்டாள். “ஒரு பூட்டை மாட்ட உடம்பு வணங்கலை பாருங்கண்ணே. எங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாரு” என்று என்னிடமே சொல்லி அழுதாள். நான் தலையை ஆட்டினேன்.

பெண் ஆலோசகருக்கு என் தங்கை வயது இருக்கும். மூன்று தடவை எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. எக்ஸ்பிரஸைப் பற்றிப் பேசினேன், அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. நான்காம் தடவை அவர் பேனாவை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

“ஒண்ணு கேக்கணும். அவரோட மனைவி அவரை ஓயாம திட்டறாங்கன்னு சொன்னீங்க.”

“ஆமாம்மா.”

“நீங்க ஒரு தடவைகூடத் திட்டலையே? பூட்டை மாட்டாம இறங்கி, உங்க கையாலயே சுவிட்சைப் போட வச்சிட்டுப் போயிருக்காரு. நானா இருந்தா செத்தவர்னும் பாக்காம கிழிச்சிருப்பேன். உங்களுக்கு அவர் மேல துளி கோபம்கூட இல்லை. அது ஏன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். முன்னவர் பூட்டைப் பிடித்தார், இவர் என்னைப் பிடித்துவிட்டார். நான் தேடியது ஆணையும் இல்லை, பெண்ணையும் இல்லை, காது கேட்காத ஓர் ஆலோசகரை. படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.

சாவிக்கொத்தை எடுத்து, எக்ஸ்பிரஸின் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. முகம் மட்டும் வெளிறிப்போனது.

“அவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

சாவியை எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்காமலே கிளம்பினேன். நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே, உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. “அவன் பூட்டு மாட்டியிருந்தான்மா.”

கையில் இருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அப்ப யாரு திறந்தா?”

சாவியை அவள் முன்னால் வைத்தேன். சொன்னேன். பூட்டைப் பையில் போட்டதையும் சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரித் துணியெல்லாம் தரையில் விழும் சத்தம் கேட்டது. போட்டோவோடு வந்து, கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தாள்.

“உங்களைப் போயி என்னென்ன சொல்லிட்டேன்” என்றாள் அதனிடம்.

பதினோரு வருஷமாக என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“வெளிய போடா.”